அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர்

என் அப்பா ராணுவத்தில் 24 வருடம் இருந்தவர். சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் பிரிவு. 1980-ல் சேர்ந்து 2004-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். 2024 தை மாதம், 61 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கித் தர நான் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊராக இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலே பாதி விஷயம் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் ராணுவத்துக்குப் போனவர் அப்பா ஒருவர்தான். யாரைக் கேட்பது, எந்த ஆபீசுக்குப் போவது, எந்தக் காகிதம் முக்கியம் என்று சொல்ல ஆளில்லை. எனக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் தனியார் பள்ளியில் வேலை. தம்பி பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன், அவனை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, எல்லாவற்றுக்கும் ஓடியது நான் ஒருத்தி. முன்னாள் படைவீரர் வீட்டில் இருக்கிற மனைவிமார், பிள்ளைகள், முக்கியமாக இன்னும் நல்லபடியாக இருக்கிற அப்பாக்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதல் அடி ஆஸ்பத்திரியிலேயே விழுந்தது. ராத்திரி நெஞ்சுவலி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் காரில் ஏற்றிக்கொண்டு டவுனில் இருக்கிற பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அப்பாவிடம் ஈசிஎச்எஸ் கார்டு இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் அது, 2003 ஏப்ரலில் தொடங்கியது. அப்பா ஓய்வு பெறும்போதே பணம் கட்டி உறுப்பினராகியிருந்தார். கார்டைக் காட்டினோம். "இங்கே இது செல்லாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அந்த நேரத்தில் அவரை இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அட்மிட் செய்தோம். நான்காம் நாள் போய்விட்டார். பில் 2 லட்சத்துக்கு மேல். அம்மாவின் செயினையும் என் வளையலையும் அடகு வைத்துக் கட்டினோம்.

பிறகுதான் தெரிந்தது, பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் செலவைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் பக்கத்தில் உள்ள ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஒரு போன் செய்து, கையோடு எழுத்திலும் தெரிவித்திருந்தால் போதும். அந்த ஒரு வரி எங்களுக்குத் தெரியாமல் போனதால் அந்தப் பணம் முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. கடிதம் எழுதிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முழுத் தொகையும் எப்படியும் வந்திருக்காது, மத்திய அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான் தருவார்கள். ஆனாலும் ஒரு பகுதி வந்திருந்தால்கூட அம்மாவின் செயின் அன்றைக்கே திரும்பியிருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் இப்போதே செய்யுங்கள்: பாலிகிளினிக்கின் நம்பரை எல்லார் போனிலும் ஏற்றி வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது என்று கேட்டு, பெயரை எழுதி கார்டோடு வையுங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவசரத்தில் நேராகவே போகலாம், பாலிகிளினிக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, தகவலையும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். இதை அப்பாவுக்கு மட்டும் தெரிய வைத்துப் புண்ணியமில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் படுக்கையில் கிடப்பது அவர்தான்.

அடுத்து இறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் இறந்தால் விவரங்களை அவர்களே உள்ளாட்சிப் பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது ஒரு பாரத்தை நீட்டி, பெயர் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அழுதுகொண்டிருக்கிற நேரம் அது. ஆனாலும் யாராவது ஒருவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெறும்போது தருகிற டிஸ்சார்ஜ் புக்கிலோ பென்ஷன் ஆர்டரிலோ அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, அதே எழுத்தில், அதே இனிஷியலோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் சித்தப்பா அதைப் பார்த்தார். இத்தனை அலைச்சலில் எங்களுக்குச் சிக்கல் தராத ஒரே காகிதம் அதுதான். பதிவு 21 நாளுக்குள் நடந்துவிட்டால் தொல்லையில்லை. வீட்டில் இறந்தவர் என்றால் கிராமத்தில் விஏஓவிடம், நகராட்சி என்றால் நகராட்சி அலுவலகத்தில் நீங்களே போய்ப் பதிய வேண்டும். சான்றிதழை நிறையப் பிரதி எடுத்து வையுங்கள். வாரிசு சான்றிதழுக்கும் அதே வாரத்தில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை முடிந்து வரக் கொஞ்ச நாள் ஆகும்.

பேங்க் விஷயம் அப்புறம். அப்பாவின் பென்ஷன் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தது, அம்மா நாமினி. இறந்ததைச் சொன்னதும் கணக்கை நிறுத்தி வைத்தார்கள். அது முறைதான். அவர் இறந்த பிறகான நாட்களுக்கு வந்த பென்ஷன் திரும்பப் போக வேண்டும், மிச்சம்தான் நாமினிக்கு. ஆனால் அந்தக் கணக்கு தீரும் வரை வீட்டில் காசு இல்லை. பென்ஷன் கணக்கை மனைவியோடு சேர்த்து, இருவரில் ஒருவர் அல்லது மிஞ்சியிருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. இதை எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தயவுசெய்து இந்த வாரமே போய் மாற்றுங்கள். இன்னொன்று, இறந்ததைச் சொல்லாமல் இருந்தால் பென்ஷன் வந்துகொண்டே இருக்கும் என்று எங்களுக்கு ஒருவர் யோசனை சொன்னார். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு ரூபாய் விடாமல் பிறகு அம்மாவின் பென்ஷனில் பிடிப்பார்கள்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். ராணுவ ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையத் திட்டம் வழியாகத்தான் வருகிறது. பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் அதை நடத்துகிறது. அதில் இறப்பைத் தெரிவித்து, அம்மாவின் ஆதார், பான், பேங்க் விவரம் கொடுத்தால் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். பொது சேவை மையத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினோம். அப்போதுதான் அம்மாவின் விவரம் பொருந்தவில்லை என்று வந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தேன். அரசு வழக்கில் படைவிலகல் சான்று என்பார்கள். பழுப்பேறிய பக்கத்தில், குடும்ப விவரம் என்ற இடத்தில், நீல மையில் யாரோ ஒரு கிளார்க்கின் சாய்ந்த கையெழுத்து. அம்மாவின் ஆதாரில் இருக்கிற முழுப் பெயர் அங்கே இல்லை. வீட்டில் கூப்பிடுகிற பாதிப் பெயர் இருந்தது. பிறந்த தேதி ஜூலை 1. ஆதாரில் தேதியும் வேறு, வருடமும் வேறு. கல்யாணமான புதிதில் அப்பா லீவு முடிந்து யூனிட்டுக்குப் போய் வாய்மொழியாகச் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். அதுவே குடும்ப விவரங்களைப் பதிகிற பார்ட் டூ ஆர்டராகி, படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீசில் ஏறி, பென்ஷன் ஆர்டரிலும் வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பெயர் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அப்பா போன மறுவாரம், அந்தக் காகிதத்தின்படி என் அம்மா வேறு ஒருத்தி ஆகிவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா படிக்காதவள் இல்லை, ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்துப் போடுவாள். "நான் அவர் பொண்டாட்டி இல்லைன்னு சொல்றாங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா காஷ்மீரிலும் அசாமிலும் இருந்த வருடங்களில் எங்களைத் தனியாக வளர்த்தவள் அவள். அந்தக் கேள்வியை அவள் கேட்கும்படி ஆனதுதான் பணம் போனதைவிட எனக்கு வலித்தது.

பொது சேவை மையத்துக்கு வெளியே ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். 15,000 ரூபாய் கொடுத்தால் பெயரை மாற்றித் தருகிறேன் என்றார். ரெக்கார்ட் ஆபீசில் ஆள் தெரியும் என்றார். கொடுக்கவில்லை, கொடுக்கக் கையில் காசும் இல்லை. இந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த வேலை எதற்கும் தரகர் தேவையில்லை. மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு பைசா கேட்க மாட்டார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே அப்பா இறந்து இரண்டாவது மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு சுபேதார் சொல்லி. அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, மடியில் இருந்த டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "ஏம்மா, சைனிக் போர்டுக்குப் போனியா?" என்றார். அதுதான் அந்த அலுவலகத்துக்குப் பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கிற பெயர். கடையில் கேட்டாலும் ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள்.

அங்கே உதவி இயக்குநர் என்பவர்தான் தலைமை. அவருக்குக் கீழே கண்காணிப்பாளர், நல அமைப்பாளர் என்று இருப்பார்கள். நல அமைப்பாளர்கள் பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களே. அப்பாவின் ஆர்மி நம்பரைச் சொன்னால் போதும், மீதிப் பேச்சு சுலபமாகிவிடும். அந்த நம்பரை நான் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய எண் அது. நான் போன அன்று என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி கையெழுத்தோடு. ஆதார், பான், அம்மாவின் பள்ளிச் சான்று. கல்யாணத்துக்கு ஆதாரம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த போட்டோ. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர் நகல்கள். இவற்றை மாவட்ட அலுவலகம் சான்றொப்பமிட்டு, அப்பாவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பும். சிக்னல்ஸ் என்றால் அது ஜபல்பூரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், ஆர்ட்டிலரி என்றால் நாசிக். எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து ஊர் மாறும். அவர்கள் தங்களிடம் இருக்கிற பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தத்தை பிரயாக்ராஜுக்கு அனுப்ப, அங்கிருந்து திருத்திய பென்ஷன் ஆர்டர் வரும். காரிஜெண்டம் பிபிஓ என்பார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. பள்ளிச் சான்றுக்கு அம்மாவின் பிறந்த ஊருக்குப் போனால் அந்தத் தொடக்கப்பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேட வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை நல்லவர். பீரோவுக்கு அடியில் இருந்து கட்டுக்கட்டாக எடுத்து, தூசி தட்டி, என்னோடு தரையில் உட்கார்ந்து தேடினார். அம்மாவின் முழுப் பெயர், தாத்தாவின் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒரு வரியில் இருந்தன, ஆதாரில் உள்ள அதே தேதி. அங்கேயே அழுதுவிட்டேன். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ. உங்கள் வீட்டில் அம்மாக்களின் பள்ளிச் சான்று இல்லையென்றால், தேவை வருவதற்கு முன்பே போய் வாங்கி வைத்துவிடுங்கள். பழைய பள்ளிகள் இடிக்கப்படுகின்றன, பதிவேடுகள் கரையான் அரித்துப் போகின்றன.

எல்லாம் அனுப்பிய பிறகு காத்திருப்பு. நான் வேலை பார்க்கிற பள்ளியில் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அந்த வருடம் பிடித்த சம்பளம், பஸ் செலவு, நோட்டரி, ஜெராக்ஸ், அடகு வட்டி எல்லாம் சேர்த்தால் அம்மாவின் சில மாத பென்ஷன் போயிருக்கும். மளிகைக்கடையில் அம்மா கடன் சொல்ல ஆரம்பித்ததை எனக்கு மறைத்து வைத்திருந்தாள், பிறகுதான் தெரிந்தது. நடுவில் ஒரு காகிதத்தில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அப்போது மாவட்ட அலுவலகத்தில் ஒரு நல்ல வழி சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தனியாகக் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். தேதியைச் செய்தித்தாளில் சின்னதாகப் போடுவார்கள், அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மனுவை இரட்டைப் பிரதியில் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். மனு பதிவாகி எண் கொடுத்துவிட்டால் அது எங்கே நிற்கிறது என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு வேலை நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். போகும்போது கதை சொல்லத் தொடங்காதீர்கள். ஒரே பக்கத்தில், ஆர்மி நம்பர், பெயர், ரேங்க், ரெக்கார்ட் ஆபீஸ், இறந்த தேதி, எந்தத் தேதியில் எதை அனுப்பினோம், இப்போது என்ன வேண்டும், அவ்வளவுதான். அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை அந்த நகலோடு பின் அடித்து வையுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த ரசீதுக் கட்டுதான்.

தையில் போனவருக்கான குடும்ப ஓய்வூதியம் ஆவணியில்தான் அம்மா கணக்குக்கு வந்தது. நிலுவையும் சேர்ந்தே வந்தது. அப்பா உயிரோடு இருந்த நாள் வரைக்குமான பாக்கி தனி, அதற்கு லைஃப் டைம் அரியர்ஸ் என்று பெயர், அதையும் கேட்டு வாங்க வேண்டும். தொகை சரியா என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வு பெற்ற படைவீரர் இறந்தால், அவர் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 50 சதவீதம் என்ற உயர்ந்த விகிதத்தில் முதலில் தருவார்கள். இது இறந்த நாளிலிருந்து ஏழு வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறைந்திருக்கும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. பிறகு 30 சதவீதமாகக் குறையும், குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதோடு அகவிலைப்படி. என் அப்பாவுக்கு 67 ஆகியிருக்கக்கூடிய வருடம் 2029. அதுவரை அம்மாவுக்கு ஏறக்குறைய அப்பா வாங்கிய அளவே வரும், அதற்குப் பிறகு குறையும். இது தெரியாத வீடுகளில், திடீரென்று ஒரு மாதம் பென்ஷன் குறைந்ததும் ஏதோ அநியாயம் நடந்துவிட்டது என்று பதறுகிறார்கள். இப்போதே தெரிந்துகொண்டால் செலவைத் திட்டமிடலாம். வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்தாலும் பென்ஷன் நின்றுவிடும். அம்மாவின் கைரேகை தேய்ந்துவிட்டதால் விரல் வைத்தால் எடுப்பதில்லை, முகத்தைக் காட்டிப் பதியும் முறையும் இருக்கிறது, அதில்தான் நாங்கள் செய்கிறோம்.

டிரங்குப் பெட்டியில் இன்னொரு காகிதமும் இருந்தது. ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியின் சான்று. ஓய்வு பெறும்போது ஒரே தவணையில் பணம் கட்டி, பணிக்குப் பிறகும் தொடரும் காப்பீட்டை அப்பா எடுத்திருக்கிறார். அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் காகிதத்தை மாவட்ட அலுவலகத்தில் காட்டிய பிறகுதான், குடும்பம் கேட்டால் கிடைக்கும் பணம் அது என்று புரிந்தது. அந்தப் பணத்தில்தான் செயினை மீட்டோம். யாரும் வீடு தேடி வந்து இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டியில் இருக்கிற ஆங்கிலக் காகிதம் எதையும் பழசு என்று எரித்துவிடாதீர்கள்.

பென்ஷன் வந்ததும் ஓய்ந்து உட்கார்ந்துவிடத் தோன்றும். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அப்பாவின் அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு அம்மா பெயரில் கைம்பெண் அடையாள அட்டை வாங்க வேண்டும். ஈசிஎச்எஸ் கார்டை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், தம்பியையும் சார்ந்தவராகச் சேர்த்து. மாற்றுத்திறனாளி மகனுக்கு 25 வயது வரம்பு கிடையாது. கேன்டீன் கார்டும் மாற்ற வேண்டும். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இன்னும் நிறைய இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று 150 இடங்கள் உண்டு, அதற்கு மாவட்ட அலுவலகம் தரும் சார்ந்தோர் சான்று வேண்டும். தொழிற்கல்விப் படிப்பில் முதல் வருடம் சேர்கிறவர்களுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை இருக்கிறது, பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. ப்ளஸ் டூ போன்ற தகுதிப் படிப்பில் 60 சதவீதம் வேண்டும், முதல் வருடத்தில் விட்டால் பிறகு விண்ணப்பிக்க முடியாது. ஹவில்தாரும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் குடும்பத்துக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை இரண்டு பிள்ளைகளுக்கு மத்திய சைனிக் போர்டு தருகிற கல்வி உதவி 2025 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது, முன்பு 1,000. மகள் கல்யாணத்துக்கான உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம் ஆகியிருக்கிறது. வீட்டு வரியைத் திரும்பத் தரும் சலுகையும் தமிழ்நாட்டில் உண்டு, யாருக்கு என்ற நிபந்தனைகளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, ஊராட்சியிலோ நகராட்சியிலோ கட்டிய ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

பென்ஷனே இல்லாமல், குறைந்த காலம் பணியாற்றிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் 65 வயது கடந்த வறியவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் மாதம் 4,000 என்று இருந்த வறுமை நிவாரண உதவி, அதே நவம்பரிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. பென்ஷன் வாங்கவில்லையே, நமக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று ஒதுங்கி இருக்கிற ஒரு பாட்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். டிசம்பர் 7 கொடி நாள் அன்று பள்ளிகளில், அலுவலகங்களில் நாம் உண்டியலில் போடுகிற காசு போகிற நிதிதான் இது.

இதைப் படிக்கிற ஓய்வு பெற்ற அப்பாக்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருக்கும்போது மனைவியின் பெயரைத் திருத்துவது உங்கள் கையெழுத்தோடு முடிகிற வேலை. நீங்கள் போன பிறகு, நான்தான் அவர் மனைவி என்று அவர் நிரூபிக்க வேண்டிய வேலை. இன்றைக்கே டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனைவி பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பிறந்த தேதியையும், பிள்ளைகள் பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பர்ஷ் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் தலைக்குள் மட்டும் இருக்க வேண்டாம், அதில் இருக்கிற மொபைல் நம்பர் இப்போது உயிரோடு இருக்கிற நம்பரா என்றும் பாருங்கள். ஒருநாள் மனைவியை மாவட்ட அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் இடம், இவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று காட்டிவிட்டு வாருங்கள். பேச வேண்டாம் என்று பல வீடுகளில் தள்ளிப்போடுகிற பேச்சுதான் இது. என் அப்பா எங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர், அவரும் தள்ளித்தான் போட்டார்.

எங்கள் வேலை இன்னும் முடியவில்லை. அம்மாவுக்குப் பிறகு தம்பிக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, சொந்தமாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு விதி அதை அனுமதிக்கிறது. அம்மா இருக்கும்போதே அவன் பெயரைப் பென்ஷன் ஆர்டரில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறோம். அரசு மருத்துவக் குழுவின் சான்று வாங்கியாகிவிட்டது. அவன் சார்பாகப் பணத்தைப் பெற்றுச் செலவு செய்யப் பாதுகாவலர் வேண்டும். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் இருக்கிற உள்ளூர்க் குழு. கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அடுத்தபடியாக என் பெயரைப் போட்டிருக்கிறேன். அந்தச் சான்று கைக்கு வந்ததும், இந்த முறை பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்த பிறகுதான் ஜபல்பூருக்கு அனுப்பப்போகிறேன்.